பாவ்பீஜுக்கு வந்த சிட்டு

கோல்ஹாப்பூர்
27 மார்ச் 1974

தம்பி தாமுவுக்கு அக்கா சகுணா ஆசீர்வாதத்துடன் எழுதுவது.

பாட்வா அன்று வருஷம் பிறக்கிற நாளும் அதுவுமாய் நீ சாப்பிடாமல் கிளம்பிப் போனாய். ஸ்ரீகண்டும் பூரியும் உன் இலையில் அப்படியே கிடந்தன. இரத்தினகிரி பஸ் பிடித்துப் போகிற அளவுக்கு அங்கே என்ன நடந்துவிட்டது? தொப்பிதானே விழுந்தது. தலை விழவில்லையே.

முதல் சவாரிக்கு உன்னை உட்கார வைத்தது மரியாதைக்காக. என் மகனுக்குத் தாய்மாமன் நீ, என் பேரன் ஜெய்சிங்குக்குத் தாத்தா முறை. அவன் தன் கையால் செய்த முதல் வண்டியில் வேறு யாரை உட்கார வைப்பான்? தெருவே சிரித்தது உண்மைதான். நானும் சிரித்தேன், மறைக்கவில்லை. பையன் மட்டும் சிரிக்கவில்லை. நீ போன பிறகு வண்டிக்கு அடியில் படுத்தவன் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை.

தொப்பியைச் சாக்கடையிலிருந்து எடுத்துத் துவைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். வந்து வாங்கிக்கொள். தபாலில் அனுப்பமாட்டேன்.

கேட்க நினைத்ததை அன்று கேட்க முடியவில்லை, இப்போது கேட்கிறேன். உன் பெட்ரோல் பங்குக்கு முன்னால், மண்ணெண்ணெய்ப் பீப்பாய்களை அடுக்கி வைத்திருக்கிறாயே, அந்த இடம் வேண்டும். சிட்டு என்று ஜெய்சிங் பேர் வைத்திருக்கிற அந்த வண்டி ஒன்று அங்கே நிற்கட்டும். கொங்கணத்தில் வண்டி வைத்திருக்கிறவன் எல்லாம் உன்னிடம்தான் எண்ணெய் போடுகிறான். நீ நல்ல வண்டி என்று சொன்னால் வாங்குவான். நீ சொல்லாவிட்டால் யார் வாங்குவார்கள்? பெட்ரோல் இப்படி ஏறிக்கொண்டே போகிற காலத்தில், காரில் பாதி விலைக்கு, காரில் பாதி எண்ணெய் குடிக்கிற வண்டி. மேலே கூரை வேறு இருக்கிறது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

உன் வீட்டுக்காரி கோதாவரிக்கு என் ஆசீர்வாதம்.

உன் அக்கா,
சகுணா

---

இரத்தினகிரி
9 ஏப்ரல் 1974

அக்காவுக்கு நமஸ்காரம்.

கடிதம் கிடைத்தது. தொப்பியை அனுப்பு. வேறு தொப்பி வாங்கப் போவதில்லை, அது என் மாமனார் கொடுத்தது.

என்ன நடந்தது என்று கேட்கிறாய். நீ வாசலில் நின்று பார்த்தாய். உள்ளே உட்கார்ந்திருந்தவன் நான். பின்னால் நான் ஒருவன்தான். புறப்பட்டதும் வண்டி என்னைச் சோளப்பொரி மாதிரி தூக்கித் தூக்கிப் போட்டது. சாக்கடைப் பாலத்தில் திரும்பும்போது பின்சக்கரம் ஆகாயத்தில், என் தலை கூரையில், தொப்பி ஜன்னலுக்கு வெளியே. அந்த வெற்றிலைக் கடைக்காரன் என்ன கத்தினான் தெரியுமா? "தொப்பி வந்துருச்சு, சேட்டு எப்போ வருவாரு?" தெரு முழுக்கக் கேட்டது. எனக்கு அறுபத்திரண்டு வயது, அக்கா.

அதற்கு முன்னால் வெள்ளோட்டத்தில் அதே தெருவில் அதே வண்டி தோண்டிராமையும் பிராஜியையும் ஏற்றிக்கொண்டு கல்யாணப் பல்லக்கு மாதிரி போனதை நான் பார்த்தேன். உங்கள் தாலீமில் குஸ்தி போடுகிறவர்கள் இரண்டு பேர், எருமை மாதிரி. அவர்களுக்கு மெத்தை, எனக்கு முறம். உன் பேரன் வண்டி செய்திருப்பது மல்லர்களுக்கு. இந்தப் பக்கம் அரிசியும் மீனும் சாப்பிட்டு ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறார்கள் ஜனங்கள். அவர்கள் ஏறினால் அரபிக்கடலில்தான் போய் விழுவார்கள்.

பீப்பாய் வைத்திருக்கிற இடம் பீப்பாய்க்கு. இருபது வருஷமாக என் பங்கில் நின்ற வண்டிகளைப் பார்க்கிறேன். புது வண்டி என்று எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை பேர் போனார்கள். வழியில் நின்றுபோனால் உதிரிச் சாமான் யார் தருவார்? யார் கழற்றி மாட்டுவார்? பெரிய கம்பெனிக்காரன் ஊருக்கு ஊர் ஆள் வைத்திருக்கிறான். உன் பேரன் ஒரு பட்டறையும் இரண்டு மல்லர்களும் வைத்திருக்கிறான். மூன்று சக்கரம் வேறு. நாலாவது சக்கரத்துக்கு என்ன கேடு?

தாமோதர்

---

கோல்ஹாப்பூர்
20 ஏப்ரல் 1974

தம்பி தாமுவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை ராத்திரிச் சாப்பாட்டின்போது எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். சோளப்பொரி வந்த இடத்தில் ஜெய்சிங்குக்குப் புரையேறிவிட்டது. முறம் என்ற இடத்தில் மறுபடி சிரித்தான். ஈர்க்குச்சி என்ற இடம் வந்ததும் சிரிப்பு நின்றது. "ஆஜி, அந்த வரிய இன்னொரு தரம் படிங்க" என்றான். படித்தேன். சோள ரொட்டியைத் தட்டிலேயே விட்டுவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் பட்டறைக்கு ஓடினான்.

விஷயம் இதுதான். பட்டறைக்கும் தாலீமுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். வண்டியைப் பாரம் ஏற்றிப் பார்க்க மணல் மூட்டை தூக்க வேண்டாம், பால் வாங்கிக் கொடுத்தால் தோண்டிராமும் பிராஜியும் தாங்களே வந்து ஏறிக்கொள்வார்கள். ஒரு வருஷமாக அவர்களை வைத்தேதான் ஓட்டிப் பார்த்திருக்கிறான். ஸ்பிரிங் எல்லாம் அவர்கள் கனத்துக்குத் தகுந்த மாதிரி இறுக்கி வைத்திருக்கிறான். மல்லன் உட்காருகிற விதமும் வேறு. தொடையை அகட்டி, இடுப்பைத் தாழ்த்தி, வளைவில் தானாகவே உடம்பைச் சாய்த்துக்கொடுப்பான். கோல்ஹாப்பூர்க்காரர்கள் எங்களுக்கு அது கண்ணில் படவே இல்லை. இங்கே மனிதன் என்றால் அந்த அளவுதான் என்று இருந்துவிட்டோம்.

நீ திட்டித்தான் எழுதினாய். பையனுக்கு அதுவே வழி காட்டிவிட்டது. இப்போது அவன் கேட்கச் சொன்னது: உன் எடை என்ன? கோதாவரி எடை என்ன? தப்பாக நினைக்காதே.

உதிரிச் சாமான் கேட்டாயே. அந்த எஞ்சின் கிணற்றில் தண்ணீர் இறைக்கிற ஒற்றை சிலிண்டர் ஜாதி. உன் ஊர் மாந்தோப்புகளில் அதைக் கழற்றி மாட்டத் தெரியாத மிஸ்திரி இருக்கிறானா? நாலாவது சக்கரம் இல்லாததால்தான் எடை குறைவு. எடை குறைவதால்தான் எண்ணெய் குறைகிறது. நீ எண்ணெய் விற்கிறவன், உனக்குக் கசக்கத்தான் செய்யும்.

தொப்பி பத்திரம்.

சகுணா

---

இரத்தினகிரி
16 ஜூன் 1974

அக்காவுக்கு நமஸ்காரம்.

பதில் எழுதத் தாமதம். மாம்பழ சீசன், லாரிகள் வரிசை. எடை கேட்டாய் என்று கோதாவரி என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் மாம்பழ மண்டித் தராசில் நிற்க வைத்தாள். மண்டிக்காரன் பாண்டுரங், "சேட்டு, உங்களக் கூடையோட நிறுக்கவா, கூடை இல்லாமலா?" என்று கேட்டான். நான் ஐம்பத்திரண்டு கிலோ. கோதாவரியின் எடையைச் சொல்லக் கூடாது என்று உத்தரவு. என்னைவிட அதிகம் என்று மட்டும் எழுதச் சொன்னாள்.

மழை தொடங்கிவிட்டது. நேற்று எங்கள் பள்ளிக்கூடத்து மாஸ்டர் சாவந்த், மனைவியையும் குழந்தையையும் ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு பங்குக்கு வந்தார். மூன்று பேர் மேலும் ஒரே தார்ப்பாய். குழந்தை தார்ப்பாய்க்குள்ளிருந்து தும்முகிறது. அந்த ஸ்கூட்டருக்கே பல வருஷம் காத்திருந்து வாங்கினார். "கார் வாங்கிடுங்களேன் மாஸ்டர்" என்றேன், சும்மா. "வாங்கிடலாம் சேட்டு, உங்க பொண்ணு கல்யாணத்துக்குச் சேத்து வெச்சத எனக்குக் குடுங்க" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் போன பிறகு கூரை உள்ள வண்டியைப் பற்றி நினைத்தேன். நினைத்தேன், அவ்வளவுதான். இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

பூனாவில் ஒரு பெரிய தொழிற்சாலை ஜெய்சிங்கைக் கூப்பிட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். போகச் சொல். மாதச் சம்பளம், குடியிருக்க வீடு. முப்பது வருஷம் கவலை இல்லாமல் இருக்கலாம். பட்டறையை மூடினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். தொப்பி விழுந்தால்தான் சிரிப்பார்கள்.

தாமோதர்

---

கோல்ஹாப்பூர்
28 செப்டம்பர் 1974

தம்பி தாமுவுக்கு ஆசீர்வாதம்.

கணபதி வந்து போய்விட்டார். வீடு வெறிச்சென்று இருக்கிறது, உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது.

நீ கேள்விப்பட்டது உண்மை. தீபாவளி கழிந்ததும் வருகிறேன் என்றோ வரவில்லை என்றோ அவன் பூனாவுக்கு எழுத வேண்டும். அதற்குள் ஒரு ஊரிலாவது ஒரு மனிதனாவது இந்த வண்டியைத் தன் கடை முன்னால் நிறுத்தி விற்கிறேன் என்று சொன்னால் இருப்பான். இல்லையென்றால் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போய்விடுவான். இது அவன் தனக்கே வைத்துக்கொண்ட கெடு. நான் வைத்ததில்லை. "யாரும் விக்க மாட்டேங்கற வண்டிய நான் எத்தன நாளு செஞ்சிட்டே இருப்பேன், ஆஜி?" என்கிறான். சாங்லியிலும் மிரஜிலும் கேட்டுப் பார்த்தாயிற்று. உன்னை மாதிரியே பேசுகிறார்கள், உன் அளவுக்கு நன்றாகப் பேசவில்லை.

வண்டி இப்போது முன்பு பார்த்த வண்டி இல்லை. ஸ்பிரிங்கை எல்லாம் மாற்றிவிட்டான். பின் இருக்கையை நடுவுக்குத் தள்ளிவிட்டான். ஒல்லியான ஆட்களாகத் தேடி ஏற்றுகிறான். கோல்ஹாப்பூரில் ஒல்லியான ஆள் லேசில் கிடைப்பதில்லை. ஒரு தையல்காரர், ஒரு தபால்காரர், ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி. தையல்காரர் பின்னால் உட்கார்ந்து பித்தானே தைத்துக் காட்டினார். தோண்டிராமுக்குத்தான் வருத்தம். "எங்கள மட்டும் ஏத்த மாட்டேங்கறாங்க, அப்படி என்ன தப்பு பண்ணோம்?" என்று என்னிடம் வந்து கேட்கிறான்.

நான் சொல்வதைக் கேள். தீபாவளியை ஒட்டி வருகிற பாவ்பீஜுக்கு, அக்கா கையால் ஆரத்தி எடுத்துக்கொள்ள, ஒவ்வொரு வருஷமும் பஸ்ஸில் வருவாய். இந்த வருஷம் ஜெய்சிங் வண்டியோடு உன் வாசலுக்கு வருவான். உன்னையும் கோதாவரியையும் ஏற்றிக்கொண்டு ஆம்பா கணவாய் ஏறி என் வாசலில் கொண்டுவந்து இறக்குவான். நாலு லிட்டர் பெட்ரோல். வழியில் ஒரு சொட்டுக்கூட ஊற்றக் கூடாது. வந்து சேர்ந்தால் பீப்பாய் வைத்திருக்கிற இடம் எனக்கு. வராவிட்டால் பையனைப் பூனாவுக்கு நானே ரயில் ஏற்றி விடுகிறேன், வாயைத் திறக்கமாட்டேன்.

பயமாக இருந்தால் பஸ்ஸில் வா.

சகுணா

---

இரத்தினகிரி
14 அக்டோபர் 1974

அக்காவுக்கு நமஸ்காரம்.

யாருக்குப் பயம்?

சரி. பெட்ரோல் என் பங்கில், என் கையால், என் அளவில். ஊற்றியதும் மூடிக்கு மேல் அரக்கு வைத்து என் கடை முத்திரை போடுவேன். வந்து சேர்ந்த பிறகு நீயே உடைத்துப் பார். தள்ளக் கூடாது, கயிறு கட்டி இழுக்கக் கூடாது. கணவாயில் என்னை இறங்கி நடக்கச் சொல்லக் கூடாது. எஞ்சின் ஆற நிறுத்தினால் பரவாயில்லை, லாரியே நிற்கிற இடம் அது.

கோதாவரி வெறுங்கையோடு வரமாட்டாள். தேங்காய், கோகம் புளி, கருவாடு எல்லாம் சாக்கில் வரும். அதற்கும் சேர்த்துத்தான் வண்டி இழுக்க வேண்டும்.

ஜெய்சிங்கிடம் சொல், தோற்றால் அவனைத் திட்டமாட்டேன். நல்ல பையன். நல்ல பையன்கள் எல்லாரும் வண்டி செய்ய வேண்டும் என்பதில்லை.

தாமோதர்

---

கோல்ஹாப்பூர்
21 நவம்பர் 1974

தம்பி தாமுவுக்கு ஆசீர்வாதம்.

ஊர் போய்ச் சேர்ந்திருப்பாய். நீ வந்த அன்றைக்குப் பேச முடியாததை எழுதுகிறேன்.

ஆரத்தித் தட்டோடு காலையிலிருந்து வாசலுக்கும் அடுப்படிக்குமாய் நடந்தேன். சாயங்காலம் தாலீம் பையன் ஒருவன் ஓடிவந்து, "ஆஜி, பஞ்சகங்கை பாலத்து மேல நின்னுட்டாங்க" என்றான். பாலத்தில் நின்றால் என் வீட்டுக் கூரை தெரியும். அவ்வளவு பக்கத்தில். தோண்டிராமும் பிராஜியும் யாரும் சொல்லாமலே ஓடினார்கள். நீங்கள் உள்ளே உட்கார்ந்திருக்க, அவர்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே தள்ளிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் அவர்களுக்கும் அந்த வண்டியில் ஒரு வேலை கிடைத்தது.

முத்திரை உடையவில்லை. உடைத்துப் பார்த்தேன், உள்ளே ஒரு சொட்டும் இல்லை. தோற்றது தோற்றதுதான். உனக்குப் பொட்டு வைத்து, தட்டு சுற்றி, கரஞ்சிப் பலகாரம் கொடுத்தேன். நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்டுக்கறி வெள்ளை ரசா இரண்டு கிண்ணம் குடித்தாய். மறுநாள் பஸ்ஸில் போய்விட்டாய். தொப்பியைக் கையில் கொடுத்தேன். அதையும் ஆணியில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறாய்.

ஜெய்சிங் உன்னைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லவில்லை. "கணவாய் நல்லா ஏறுச்சு ஆஜி, தாத்தாவுக்கு ஒரு குலுக்கல்கூட இல்ல" என்றான். "அப்புறம் ஏண்டா எண்ணெய் தீந்துச்சு?" என்றால், "தீந்துபோச்சு" என்கிறான். பூனாவுக்கு எழுதிவிட்டான். நாளைக்குத் தபாலில் போடுவான். பட்டறைச் சாவி என்னிடம் இருக்கிறது. கிழவி நான் ஒன்று சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்: அவன் போனாலும் அந்த வண்டி நல்ல வண்டி. நான் வாய் திறக்கமாட்டேன் என்று சொன்னேன், இதற்கு மேல் திறக்கமாட்டேன்.

22-ஆம் தேதி

நேற்று எழுதியதைப் போடவில்லை. நல்லதாகப் போயிற்று.

இன்று காலை நான் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நாலு பேர். கணவாய்க்கு இந்தப் பக்கம், நீங்கள் வந்த வழியில் இருக்கிற மலகாப்பூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள். ஒரு கம்பவுண்டர், ஒரு வெல்ல வியாபாரி, அவர் தம்பி, சர்வே ஆபீஸ் குமாஸ்தா ஒருவர். "சிட்டு வண்டி செய்யறது இந்த வீடா?" என்றார்கள். என்ன வேண்டும் என்றேன். "வண்டி வேணும்" என்றார்கள்.

எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டதுதான் தாமதம், நாலு பேரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். பாவ்பீஜ் அன்று இரத்தினகிரி பங்க் சேட்டு டீ குடிக்க இறங்கினாராம். கூட்டம் கூடியதாம். "இதென்ன சேட்டு, கோழிக்கூண்டுக்குச் சக்கரம் வெச்சிருக்கீங்க?" என்று யாரோ கேட்டுவிட்டானாம். சேட்டுக்குக் கோபம் வந்துவிட்டதாம். "ஏறுடா கோழி" என்று அவனைப் பிடித்து உள்ளே தள்ளி, பஜாரைச் சுற்றச் சொன்னாராம். அப்புறம் கம்பவுண்டர். அப்புறம் கம்பவுண்டர் சம்சாரம், வயிற்றுப்பிள்ளைக்காரி. அப்புறம் வெல்ல வியாபாரி, இரண்டு அச்சு வெல்லத்தோடு. டிரைவர் பையன், "தாத்தா, எண்ணெய்" என்று சொல்லச் சொல்ல, சேட்டு, "ஓட்றா, இது ஆம்பா கணவாய் ஏறுனத இவனுங்க என்ன கண்டானுங்க?" என்றாராம். கடைசி இரண்டு சுற்றுக்குச் சேட்டே ஓட்டினாராம்.

தாமு, உனக்கு ஓட்டவே தெரியாதே.

நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பிறகு பையனைக் கூப்பிட்டு, "ஏண்டா இத சொல்லல?" என்றேன். "தாத்தா சொல்லுவாருன்னு இருந்தேன். அவரு சொல்லல. அவரக் காட்டிக்குடுத்து ஜெயிக்கறதுக்குத் தோத்தே போலாம்" என்றான். என் பேரன்.

பூனாவுக்கு எழுதிய கடிதத்தை வாங்கி அடுப்பில் போட்டேன். வேறு எழுதச் சொல்லியிருக்கிறேன், வரவில்லை என்று. மலகாப்பூர்க்காரர்கள் சாப்பிட்டுவிட்டுப் பட்டறையில் இருக்கிறார்கள். தோண்டிராம் அவர்களுக்கு வண்டியை விளக்கிக்கொண்டிருக்கிறான்.

எண்ணெயை ஊர் சுற்றிக் காட்டிச் செலவழித்தது நீ. பந்தயத்தில் யார் ஜெயித்தது என்று இப்போது நீ சொல்.

சகுணா

---

இரத்தினகிரி
26 நவம்பர் 1974

அக்காவுக்கு நமஸ்காரம்.

உன் கடிதம் இன்று காலை வந்தது. பீப்பாய்கள் அதற்கு நாலு நாள் முன்னாலேயே பின்பக்கம் போய்விட்டன. நம்பாவிட்டால் கோதாவரியிடம் கேள், உருட்டியதில் அவளுக்கும் பங்கு உண்டு.

உன் வீட்டில் சொல்லியிருக்கலாம்தான். அந்த வெற்றிலைக் கடைக்காரன் நகராமல் உன் வாசலிலேயே நின்றான். பாட்வா அன்று நான் திட்டிய வண்டியை மலகாப்பூரில் நானே கூவி விற்றேன் என்று அவன் காதில் விழ எப்படிச் சொல்வது? பஸ்ஸில் திரும்பும்போது மலகாப்பூரில் டீக்கு நிறுத்தினார்கள். "சேட்டு, வண்டி எங்க?" என்று பஸ் ஜன்னலைத் தட்டுகிறார்கள். கோழிக்கூண்டு என்றவனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான். விலாசத்தை எழுதிக் கொடுத்தது நான்தான். அவர்கள் உன்னிடம் வந்தது சும்மா இல்லை.

கணவாயில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது வளைவில் கோதாவரி தூங்கிவிட்டாள், மடியில் தேங்காய்ச் சாக்கோடு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் எந்த வண்டியிலும் தூங்கி நான் பார்த்ததில்லை. எல்லா வண்டியிலும் வாந்திதான். அவள் தலை என் தோளில் சாய்ந்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, பந்தயம் போயிற்று என்று. அப்புறம் எண்ணெய் இருந்தால் என்ன, தீர்ந்தால் என்ன.

இந்தத் தொழில் நிலைக்குமா என்று நீ கேட்கமாட்டாய், ஆனால் நான் யோசித்தேன். பெரிய கம்பெனிக்காரன் ஒரு நாள் முழித்துக்கொள்வான். அதுவரை எத்தனை செய்ய முடியுமோ அத்தனையும் ஜெய்சிங் செய்யட்டும். சாவந்த் மாஸ்டர் தினமும் சாயங்காலம் வந்து காலி இடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார். "எப்ப சேட்டு?" என்கிறார். சங்கராந்திக்குள் என்று சொல்லியிருக்கிறேன். என் வாக்கைக் காப்பாற்றச் சொல்.

தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனதாக எழுதியிருந்தாய். வேண்டுமென்றேதான் மாட்டினேன், மறக்கவில்லை. முதல் வண்டி இங்கே வரும்போது பின் இருக்கையில் தொப்பியை வைத்து அனுப்பு. ஜன்னல்கள் திறந்தே இருக்கட்டும். ஆம்பா கணவாய் இறங்கி என் பங்குக்கு வரும்போது அது இருக்கையிலேயே இருந்தால், அன்றைக்கே அதைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்று விற்பேன்.

உன் தம்பி,
தாமு